ஒரே சார்ஜில் மதுரை போய்த் திரும்பலாமா?

- மூன்றாமாண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



மின்சாரக் கார் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், நம்ம பக்கத்தில் விலையைக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" கம்பெனி விளம்பரம் ஒரு கணக்குச் சொல்கிறது. வாங்கி ஓட்டுகிறவர் வேறு கணக்குச் சொல்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. சில வண்டியில் அதற்கு ஈகோ என்று பெயர், சில வண்டியில் சிட்டி. அதை அமுக்கினால் கூடுதல் தூரம் ஓடுமாம்! எப்படி? பட்டனை அமுக்கியதும் பேட்டரிக்குள் மின்சாரம் ஊறிவிடுமா என்ன? அதைத்தான் எனக்குப் புரிந்த அளவில் இங்கே விளக்கப் போகிறேன்.

எனக்கு இந்தக் கேள்வி பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் சித்தப்பா சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வெளியாகிவிட்டால் பிறகு அவருக்கு வீடு தங்காது. மதுரைக் கடை கடையாக ஏறி இறங்குவார். பழைய பெட்ரோல் காருக்குப் போடும் காசு கமிஷனில் பாதியைத் தின்றுவிடுகிறது என்று, 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன மின்சாரக் கார் ஒன்றைத் தவணையில் எடுக்கலாமா என்று யோசிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பாப்பா, ஒரு சார்ஜுல மதுரை போய்ட்டு வந்துருமா, வராதா? அத மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"எவ்வளவு ஸ்பீடுல போவீங்க சித்தப்பா?"

"ரோடு நல்லாருந்தா நூறு. ஏன், மோட மாத்தி வச்சுட்டா ஓடும்னுதான கடையில சொல்றாங்க?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார். அதனால் யூனிட், வாட், வோல்ட் என்று எந்தச் சொல் காதில் விழுந்தாலும் வீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் "ஓடும்" என்று சொன்னால் அவர் எடுத்துவிடுவார். ஐந்து வருஷம் தவணை கட்டப் போவது அவர். ஆகவே உடனே பதில் சொல்லாமல், ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நோட்டில் இருந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் யூனிட். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான் காருக்கும். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 24 யூனிட் பேட்டரி என்றால், 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டை நாலைந்து முறை சார்ஜ் போட்டே முடித்துவிடலாம். கேட்பதற்குப் பெரிதாகத் தெரிகிறது அல்லவா? இப்போது பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். அப்படியானால் 24 யூனிட் பேட்டரி முழுவதும் சேர்ந்து மூன்று லிட்டர் பெட்ரோலுக்குக்கூட ஈடாகாது! அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கார் 150, 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் காரணம் மோட்டாரின் திறன். பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியே விட்டுவிடும். மோட்டார் அப்படி விடுவது மிகக் குறைவு.

பெட்ரோல் கார் 35 லிட்டர் டேங்கோடு போகும் பணக்காரன் மாதிரி. வேகமாகப் போய்க் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அவனுக்கு உறைக்காது. வழியில் பங்க் இருக்கிறது, ஐந்து நிமிஷம் போதும். மின்சாரக் கார் மூன்று லிட்டரோடு கிளம்புகிறது. அதற்கு ஒவ்வொரு சொட்டும் உறைக்கும். ஈகோ மோடு என்பது மின்சார வண்டிகளில் இவ்வளவு பேசப்படுவது இதனால்தான்.

சிக்கன ஓட்டம் என்பதே ஒன்றும் புதிதல்ல. நம்ம அரசு பஸ் டிப்போவில் டிரைவர்களைக் கே.எம்.பி.எல். கேட்டுத் துளைப்பது ஊரறிந்தது. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று சட்டம் போட்டது. 1995 வரை அந்த மத்தியச் சட்டம் இருந்தது. டி.வி.எஸ். ஸ்டார் சிட்டி வைத்திருப்பவர்களுக்கு மீட்டரில் எகானமி, பவர் என்று இரண்டு விளக்கு உண்டு என்பது தெரியும். மெதுவாகத் திருகினால் எகானமி எரியும், முறுக்கினால் பவர் எரியும். ஆனால் அந்த விளக்கு புத்திமதி மட்டும்தான் சொல்லும். கேட்பதும் கேட்காததும் நம் கையில். மின்சாரக் காரில் உள்ள மோடு அப்படியில்லை. அது நம் காலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறது.

பழைய காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேராக எஞ்சினுக்குப் போகும். மின்சாரக் காரில் பெடலுக்கு அடியில் இருப்பது ஒரு சென்சார். நாம் எவ்வளவு மிதித்தோம் என்று அது கன்ட்ரோலருக்குச் சொல்லும். மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் அனுப்பலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். ஸ்போர்ட் மோடில் பாதி மிதித்தால் பாதிக்கு மேல் இழுவை கொடுக்கும். ஈகோவில் அதே பாதி மிதிக்குக் கொஞ்சம்தான் கொடுக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஈகோ மோடின் முதல் வேலை இதுதான், சில வண்டிகளில் மொத்த வேலையே இதுதான். அதோடு ஏ.சி. கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைப்பது, உச்ச வேகத்துக்கு ஒரு பூட்டுப் போடுவது என்று கம்பெனிக்குக் கம்பெனி சேர்த்துக்கொள்வார்கள். 2019-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக்கில் ஈகோ பிளஸ் என்றே ஒரு மோடு இருந்தது. அதில் ஏ.சி. நின்றுவிடும், வேகமும் 90-ஐத் தாண்டாது. எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற நிலைமைக்கு உரிய மோடு அது! டாடா நெக்ஸான் இ.வி. 2020-ல் வந்தபோது டிரைவ், ஸ்போர்ட் என இரண்டுதான். 2022-ல் நெக்ஸான் இ.வி. மேக்ஸ் வந்தபோது ஈகோ, சிட்டி, ஸ்போர்ட் என மூன்று ஆனது. அதே வருஷம் வந்த டியாகோ இ.வி.யில் ஈகோ என்ற பெயரே கிடையாது. சிட்டி, ஸ்போர்ட் இரண்டே. தூத்துக்குடி சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்த வின்பாஸ்ட் தொழிற்சாலையின் வி.எஃப்.6, வி.எஃப்.7 கார்களிலும் இப்படி மோடுகள் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்த மோடு எதை எதைக் குறைக்கிறது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே நல்லது.

சரி, மெதுவாக இழுத்தால் ஏன் மிச்சமாகிறது? இங்கே எங்க ஊர்ப் பொருளை வைத்தே சொல்கிறேன். அம்மா பின்னுகிற சரத்தில் திரி இருக்கிறது, வெடி இருக்கிறது. திரியில் இருக்கும் கருமருந்து புசுபுசுவென்று நின்று எரியும். இறுகச் சுற்றிய காகிதத்துக்குள் அடைபட்ட மருந்து ஒரே நொடியில் 'டப்' என்று வெடித்துவிடும். ஒரு கிராம் மருந்துக்குள் இருக்கும் ஆற்றல் மெதுவாக எரிந்தாலும் அதேதான், வெடித்தாலும் அதேதான். வேறுபடுவது அது வெளிவரும் வேகம். ஆற்றல் என்பது யூனிட். அது வெளிவரும் வேகம் என்பது திறன், அதாவது கிலோவாட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்கு மின்சாரக் கார் கணக்குப் பிடிபடுவதில்லை.

ஆனால் கார் விஷயத்தில் திரி உதாரணம் பாதி தூரம்தான் வரும். காரில் வேகமாகச் செலவழித்தால் மொத்தச் செலவே கூடிவிடுகிறது. அதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று நம் பாடத்திலேயே இருக்கிறது. கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. மோட்டார் இரண்டு மடங்கு இழுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும். இழப்போ நான்கு மடங்கு. இரண்டு மடங்கு இழுத்தால் பாதி நேரத்தில் வேகம் பிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். உண்மைதான். நான்கு மடங்கு இழப்பு, பாதி நேரம். ஆக மொத்தத்தில் இழப்பு இரண்டு மடங்கு. பேட்டரிக்குள்ளும் மின்தடை உண்டு, அங்கேயும் இதே கதை. ஆனால் இந்த மிச்சம் மிகப் பெரியது என்று சொல்ல மாட்டேன். வண்டியை நகர்த்தும் ஆற்றலோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

பெரிய பணம் போவது இரண்டாவது காரணத்தில். அது காற்று.

சித்தப்பாவுக்காகப் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ஆட்களோடு சேர்த்து வண்டி எடை 1450 கிலோ என்று வைத்துக்கொண்டேன். டயர் உருளுவதற்கான தடை எடையில் நூற்றில் ஒரு பங்கு. அது 142 நியூட்டன். இது எந்த வேகத்திலும் ஏறக்குறைய இதேதான். காற்றுத் தடை அப்படியில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறும். வண்டியின் முகப்புப் பரப்பையும் இழுவைக் கெழுவையும் பெருக்கி 0.7 சதுர மீட்டர் என்று எடுத்தால், மணிக்கு 60-ல் காற்று பின்னுக்குத் தள்ளுவது 112 நியூட்டன். 80-ல் 199. நூறில் 311! அறுபதில் டயரைவிடக் குறைவாக இருந்த காற்று, நூறில் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மோட்டார், கியர் எல்லாம் சேர்த்து 85 சதவீதத் திறன், ஏ.சி. மற்றும் விளக்குகளுக்கு 1.2 கிலோவாட் என்று சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 60-ல் 0.103 யூனிட், 80-ல் 0.126, நூறில் 0.160. பேட்டரியில் பத்து சதவீதத்தைக் கையிருப்பாக விட்டுவிட்டு மீதி 21.6 யூனிட்டில் ஓடினால் 60-ல் 210 கிலோமீட்டர், 80-ல் 171, நூறில் 135. வண்டி ஒன்று, பேட்டரி ஒன்று, மோடு ஒன்று. வலது கால் மட்டும்தான் வேறு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நாலு வழிச்சாலையில் ஈகோ மோடில் போட்டுக்கொண்டு நூறில் நிலையாகப் போனால், மோடு செய்வதற்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. பெடல் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு இழுவை என்பதைத்தான் அது மாற்றுகிறது. நூறில் வண்டியைத் தள்ள வேண்டிய விசை 453 நியூட்டன் என்றால் ஈகோவிலும் அதே 453 தான், ஸ்போர்ட்டிலும் அதே 453 தான். நாம் கொஞ்சம் ஆழமாக மிதித்து அதை வாங்கிக்கொள்வோம், அவ்வளவே. காற்றுக்கு நாம் எந்த மோடில் வருகிறோம் என்று தெரியுமா? உச்ச வேகத்தைப் பூட்டுகிற மோடாக இருந்தால் மட்டும் நெடுஞ்சாலையில் உண்மையான மிச்சம் கிடைக்கும்.

ஏ.சி. விஷயமும் பலர் நினைப்பதற்கு நேர் எதிர். சித்திரை வைகாசியில் விருதுநகர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தூரம் போதாது என்று பயந்து ஏ.சி.யை அணைத்துவிட்டு வியர்த்து வடிய நூறில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாகக் கொண்டால், 90 கிலோமீட்டர் நாலு வழிச்சாலையில் நூறில் போகும்போது அதை அணைத்து மிச்சப்படுத்துவது 0.9 யூனிட். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டே நூறை 80 ஆக்கினால் மிச்சம் 3 யூனிட். வியர்க்கவும் வேண்டாம், வழியில் நிற்கவும் வேண்டாம்! டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது மட்டும் இது மாறும். ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றால் ஒரு அடி நகராமலே ஏ.சி. ஒரு யூனிட்டை எடுத்திருக்கும். அங்கே ஈகோ மோடு கம்ப்ரஸரை அடக்கி வைப்பது நல்ல உபகாரம். கிளம்புவதற்கு முன், சார்ஜர் மாட்டியிருக்கும்போதே ஏ.சி.யைப் போட்டு வண்டியைக் குளிரவைத்துக்கொள்வது அதைவிட நல்லது; அந்தச் செலவு வீட்டு மீட்டரில் ஓடும், பேட்டரியில் ஓடாது.

அடுத்தது ரீஜென். காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். அப்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். 1450 கிலோ வண்டி 60-ல் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 0.056 யூனிட். சாதாரணப் பிரேக்கில் 18 தடவை நிறுத்தினால் ஒரு யூனிட் பிரேக் டிரம்மில் சூடாகிப் போய்விடும். ரீஜென் இருந்தால் அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும் என்று கொள்ளலாம். முழுசாக வராது, போகும்போதும் இழப்பு, வரும்போதும் இழப்பு. நெக்ஸான் இ.வி. மேக்ஸில் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ரீஜென் அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். சிவகாசி பஜாரில், ரயில்வே கேட்டில், வேகத்தடைக்கு வேகத்தடை நிற்கும் இடத்தில் அதிகம் வைப்பது சரி. நாலு வழிச்சாலையில் குறைத்து வைத்துவிட்டு, தூரத்தில் டோல்கேட் தெரிந்ததும் காலை எடுத்து வண்டியை உருள விடுவதுதான் சிக்கனம். பிடித்துத் திரும்ப வாங்குவதைவிட செலவழிக்காமலே இருப்பது மேல் அல்லவா? நம்ம மாவட்டத்தில் ரோடு பெரும்பாலும் சமதளம், மலை இறக்கத்தில் பேட்டரி நிரம்பும் கதையெல்லாம் கொடைக்கானல்காரர்களுக்கு. இன்னொன்று, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் மேலும் ஏற்ற இடம் இல்லாததால் கிளம்பிய புதிதில் ரீஜென் சரியாகப் பிடிக்காது. வண்டி கோளாறு என்று பயப்பட வேண்டாம், ஆனால் பிரேக்கில் கால் தயாராக இருக்க வேண்டும்.

விளம்பர எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. டியாகோ இ.வி.யின் 24 யூனிட் பேட்டரிக்கு 2022-ல் சொன்ன தூரம் 315 கிலோமீட்டர். என் கணக்கு 80-ல் 171. யார் சொல்வது பொய்? யாருமில்லை. அந்தச் சோதனை உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட வேகப் பட்டியலின்படி ஓட்டிப் பார்ப்பது. பட்டியலில் பெரும்பகுதி டவுன் வேகம். உச்சம் 90, அதுவும் கொஞ்ச நேரம்தான். ஏ.சி. கிடையாது. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அது உதவும். மதுரை போய் வருமா என்பதற்கு அது பதில் ஆகாது.

மீட்டரில் தெரியும் எண்ணும் அப்படித்தான். சித்தப்பாவின் நண்பர் ஒருவர் வண்டியில் நாங்கள் இருவரும் சாத்தூர் வரை போய் வந்தோம். நின்ற வண்டியில் ஸ்போர்ட்டிலிருந்து ஈகோவுக்கு மாற்றியதும் மீதித் தூரம் சட்டென்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறிவிட்டது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா பாப்பா, நான் சொல்லல?" என்றார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றவில்லை, பேட்டரியில் ஒரு துளி கூடவில்லை. கம்ப்யூட்டர் தன் ஊகத்தை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரில் ஆன செலவையும், இப்போது போட்டிருக்கும் மோடையும் வைத்து அது குத்துமதிப்பாகச் சொல்கிறது. பார்க்க வேண்டியது சதவீதத்தை. அதோடு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று காட்டும் பக்கம் ஒன்று அநேகமாக எல்லா வண்டியிலும் உண்டு, அதைத் திறந்து வைத்துக்கொண்டால் நம் கால் செய்யும் தப்பு கண்ணெதிரே தெரியும்.

இனி சித்தப்பாவின் கணக்கு. சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வழியாக விருதுநகர் 25 கிலோமீட்டர். அங்கே 60-க்கு மேல் போக முடியாது. விருதுநகரிலிருந்து மதுரை விளிம்பு வரை நாலு வழிச்சாலை 45 கிலோமீட்டர். மதுரைக்குள் கடை கடையாக 20 கிலோமீட்டர். போக வர மொத்தம் 160. இரட்டைச் சாலைக்கு 5.1 யூனிட், மதுரைக்குள் 2 யூனிட். நாலு வழிச்சாலையில் நூறில் போனால் 14.4, மொத்தம் 21.5. புது வண்டியில் 24-ல் இதைக் கழித்தால் மீதி இரண்டரை யூனிட். பத்து சதவீதத்தோடு இருட்டில் ஆமத்தூரைத் தாண்டும்போது மனசு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 80-ல் போனால் மொத்தம் 18.5, மீதி ஐந்தரை. நேர வித்தியாசம்? போக வர 90 கிலோமீட்டருக்கும் சேர்த்து 14 நிமிஷம். அந்த 14 நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் வழியில் ஒரு சார்ஜரில் ஒதுங்கினால் வரிசை, மாட்டுவது, கழட்டுவது என்று அரை மணி நேரம் போய்விடும்.

பணக் கணக்காகப் பார்த்தால் இந்த 3 யூனிட் ஒன்றுமே இல்லை. யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் முப்பது ரூபாய். பெட்ரோல் காரில் மெதுவாகப் போவது காசை மிச்சம் பிடிக்க; மின்சாரக் காரில் மெதுவாகப் போவது வீடு வந்து சேர. இந்த ஒன்றைப் புரிய வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. முப்பது ரூபாய்க்காக யாராவது மெதுவாகப் போவார்களா என்று சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

உண்மையான சிக்கல் ஐந்தாவது, ஆறாவது வருஷத்தில் இருக்கிறது. பேட்டரி வயதாக ஆக அதன் கொள்ளளவு குறையும். பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பேட்டரிக்கு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் அந்த உத்தரவாதம் புதுசில் இருந்த அதே கொள்ளளவுக்கு அல்ல, ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்கள். 24 யூனிட் பேட்டரி ஒரு நாள் 80 சதவீதத்துக்கு வந்தால் கையில் இருப்பது 19.2 தான். நூறில் போனால் 21.5 வேண்டும், நடக்காது. 80-ல் போனால் 18.5; கணக்குக்கு வரும், தைரியத்துக்கு வராது. அப்போது மதுரையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வண்டிக்கும் கொஞ்சம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தவணை முடியும் முன்பே இந்த நிலை வரலாம். ஆகவே நான் சித்தப்பாவிடம் சொன்ன பதில் இதுதான்: "80-ல போறதா இருந்தா எடுங்க. நூறுல போவேன்னா பெரிய பேட்டரி வண்டி எடுங்க, இல்லாட்டி எடுக்காதீங்க. மோட நம்பி எடுக்காதீங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இப்ப இருக்கிற வண்டியிலேயே ஒரு மாசம் 80-ல போய்ப் பாக்கறேன், என் காலு கேக்குதான்னு" என்றார். அது நான் போட்ட எல்லாக் கணக்கையும்விட நல்ல சோதனை என்று எனக்குத் தோன்றியது. முதல் வாரத்தில் இரண்டு தடவை 95-க்குப் போய்விட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இவ்வளவு சொன்னதால் மோடு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி அடங்காத காலுக்குத்தான் அது பெரிய உதவி. சிக்னல் விழுந்ததும் பாய்ந்து, அடுத்த சிக்னலில் பிரேக் அடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஈகோ மோடு அந்தப் பாய்ச்சலைக் குறைத்துவிடும். ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவருக்கு அதனால் கிடைப்பது குறைவு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிவகாசி - விருதுநகர் ரோட்டில் தீபாவளி சீசனில் லாரிக்குப் பின்னால் லாரி நிற்கும். முந்தும்போது ஈகோவில் வண்டி எதிர்பார்த்தபடி இழுக்காது. சில வண்டிகளில் பெடலைத் தரை வரை மிதித்தால் கன்ட்ரோலர் ஈகோவை மறந்துவிட்டு முழு இழுவையும் கொடுக்கும். சில வண்டிகளில் கொடுக்காது. நம் வண்டி எந்த ரகம் என்பதை எதிரே பஸ் வரும்போது தெரிந்துகொள்ளக் கூடாது. ஆளில்லாத நேராக இருக்கும் ரோட்டில் ஈகோவில் வைத்து ஒரு முறை முழுசாக மிதித்துப் பாருங்கள், 40-லிருந்து 70 வர எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு சாதாரண மோடில் அதே போல ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் இரட்டைச் சாலை முழுவதும் சாதாரண மோடிலேயே போய்விட்டு, விருதுநகர் தாண்டி நாலு வழிச்சாலை ஏறியதும் ஈகோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.